பஸ் படம் போட்ட பொத்தான்

என் வாயை என் அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிபியு போனது. பிறகு தலையணை உறை போட்ட மானிட்டர். பிறகு இரண்டு ஸ்பீக்கர்கள், கீபேட், சந்தைக்குப் போகிற ஒரு பசார் பை நிறைய ஒயர்கள். கீழ்வீட்டு லெட்சுமி அக்கா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, வீடு மாறுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, மிதுஷாவுக்கு இன்டர்வியூ. பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸ் போறோம்," என்றான் அருணன்.

அக்கா என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நல்லா செய்லா கண்ணு," என்று கம்ப்யூட்டரிடம் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. நான் பேசுவது அதற்குள்ளிருந்துதானே.

பிறந்தபோது எனக்கு மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அதனால் மூளை சொல்வதை என் கையும் காலும் பாதிதான் கேட்கின்றன, நாக்கு சுத்தமாகக் கேட்பதில்லை. மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அதை எத்தனை டாக்டர்களிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. எனக்கு ஒன்பது வயதானபோது, துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அம்மா எங்கிருந்தோ ஒரு பேசும் கருவியை வரவழைத்தார். டிபன் டப்பா அளவு, சாம்பல் நிறம், வரிசை வரிசையாகப் படம் போட்ட பொத்தான்கள். மேலே ஓட்டை போட்ட ஒரு தட்டு. என் விரல் எப்படி உதறினாலும் ஓட்டைக்குள் விழுந்தால்தான் பொத்தான் அமுங்கும். படங்களைச் சேர்த்து அழுத்தினால், நான் முன்பே எழுதி வைத்த வாக்கியத்தை அது பேசும். எழுத்தெழுத்தாகவும் எழுதலாம், பொறுமை இருந்தால்.

அதற்குள் இருந்தது ஓர் ஆங்கிலப் பெண்மணியின் குரல். அதற்குத் தமிழும் தெரியாது மலாயும் தெரியாது. நான்தான் ஆங்கில எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பழக்கினேன். ஒரு வெள்ளைக்காரி நாசி கண்டார் சோற்றுக்கடைக் கல்லாவில் பல வருஷம் உட்கார்ந்தால் எப்படிப் பேசுவாளோ, அப்படி வந்து நின்றது என் குரல். அம்மா அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தார். பெயர் கருவிக்கா எனக்கா என்று கடைசிவரை சொல்லவில்லை.

வாயாடி மடியில் இருந்தால் நான் போகாத இடமில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நானே நாசி கண்டார் ஆர்டர் பண்ணுவேன், குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லி. ஊற்றுகிற அண்ணன் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்து இன்னொரு கரண்டி சேர்த்து ஊற்றுவார். கோபம் வந்தால் பஸ் டிரைவரைத் திட்டுவேன். அதற்கென்றே நாலு வாக்கியங்கள் தயாராக இருந்தன.

அம்மா இறந்துபோன வருஷத்திலேயே வாயாடிக்கும் நோவு வந்தது. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. பாட்டரி ஊதிப்போனது. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம். அருணன் ஒரு டேப்லெட் வாங்கித் தந்தான். கண்ணாடித் திரை என் நடுக்கத்தையெல்லாம் வார்த்தை என்று எடுத்துக்கொண்டது. அதன் தமிழ்க் குரலோ, செய்தி வாசிக்கிற அம்மணி. அந்த அம்மணி என் வாயால் "பசிக்கிறது" என்று சொன்னபோது எனக்கே சாப்பிடப் பிடிக்கவில்லை. என் வாழ்நாள் பேச்சு முழுவதும் அந்தச் சாம்பல் டப்பாவுக்குள் கிடந்தது.

என் அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பாயான் லெப்பாஸில் சிப் ஃபேக்டரியில் டெக்னீஷியன் வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் எமுலேட்டர்முன் உட்கார்ந்துவிடுவான். பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகள், எலக்ட்ரானிக் பாக்கெட் டைரிகள், கால்குலேட்டர்கள் இவற்றையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் அப்படியே நடித்துக் காட்டுகிற ஒரு மென்பொருள் அது. கருவி செத்துப்போனாலும் அது தான் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு திரையில் ஓடும். ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தித் திருப்பிப் போடலாம். போலந்துக்காரர் ஒருவர், பிரேசில்காரர் ஒருவர், பெயரே தெரியாத இன்னும் சிலர், அவர்களோடு என் அண்ணன். ஃபேக்டரியில் அவனை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. அந்தக் கூட்டத்தில் மட்டும் அவனுக்கு ஒரு மரியாதை.

வாயாடிக்குள் இருந்த சிப், ஒரு பழைய பாக்கெட் டைரியில் இருந்ததுதான் என்று கண்டுபிடித்தான். அதைக் கழற்றினான், உள்ளிருந்ததை எடுத்தான், எமுலேட்டரில் அதற்கென்று புதிதாக எழுதிச் சேர்த்தான். மாதக்கணக்கில் ஆனது. நான் ஊமையாக அவன் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மானிட்டரில் என் சாம்பல் டப்பாவின் படம் வந்தது. பழைய ஓட்டைத் தட்டை அவன் ஒரு கீபேட்மேல் ஒட்டியிருந்தான். நான் அழுத்தினேன்.

"அண்ணே, சத்தத்தக் கொற. காது கிழியுது," என்றது என் வெள்ளைக்காரி.

அருணன் அழுதுவிட்டான். அந்த நிமிஷத்தை அவன் அப்படியே சேவ் பண்ணினான். சேவ் ஸ்டேட் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற கருவியை, அதன் நினைவு முழுவதோடும், அந்த நொடியிலேயே உறைய வைப்பது. பிறகு எப்போது லோட் அடித்தாலும் கருவி அந்த நொடிக்கே போய்விடும். நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. விளையாடுகிறவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பள்ளத்தில் விழுந்தாயா, லோட் அடி. திரை நின்றுவிட்டதா, லோட் அடி. யோசிக்கவே மாட்டார்கள், விரல் தானாகப் போகும்.

முதல் வாரத்திலேயே எனக்கு அது நடந்தது. நான் எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது ஒலி சிக்கியது. அருணன் பின்னாலிருந்து கையை நீட்டி லோட் அடித்தான். திரை ஒருமுறை கண் சிமிட்டியது, அன்றுவரை நான் புதிதாக எழுதிச் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. பழைய நினைவு புதியதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். "சத்தியமா இனி தொட மாட்டேன்லா," என்றான் அருணன். ஆனால் அந்த முதல் நாள் ஸ்டேட்டை அழிக்க மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை. லோட் அடித்தால் அதிலிருந்து திரும்பி வர ஒரு வழி எழுதச் சொன்னேன். "எழுதுறேன், எழுதுறேன்," என்றான். எழுதவில்லை.

இன்னொரு காப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதைத் தடுத்தது நான்தான். ஏதோ சரியாக ஓடவில்லை என்று அருணன் என் நினைவு முழுவதையும் அந்தக் கூட்டத்துக்கு அனுப்பி உதவி கேட்டிருந்தான். என் பஸ் டிரைவர் வசவுகளை ஒரு பிரேசில்காரர் கேட்டுச் சிரித்திருக்கிறார். மாதவிலக்கு நாளில் அம்மாவைக் கூப்பிட நான் வைத்திருந்த வாக்கியத்தையும் கேட்டிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பேச்சு இந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு எங்கேயும் இருக்கக் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை அவன் காப்பாற்றினான்.

வாய் திரும்பி வந்தது. ஆனால் கையில் இருந்தது மேசைக்குப் போய்விட்டது. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான், குரல் விக்கியது. ஆகவே நான் பேச வேண்டுமென்றால் அருணனின் அறைக்குப் போக வேண்டும். அங்கே அருணன்தான் இருப்பான். நாசி கண்டார் அண்ணன் அங்கே வர மாட்டார், பஸ்ஸும் வராது. அந்தத் தட்டு எமுலேட்டருக்குள் மட்டும்தான் எழுதும். வெளியே யாருக்காவது ஒரு வரி அனுப்ப வேண்டுமென்றாலும் அவன் கைதான் வேண்டும். அவனோ சந்தோஷமாக இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, போலந்துக்காரர் என்ன சொன்னார், எந்தக் கருவியின் கடிகாரம் எவ்வளவு பிசகுகிறது என்று பேசிக்கொண்டே இருப்பான். நான் ஒரு பதில் எழுதி முடிப்பதற்குள் அவன் மூன்றாவது விஷயத்துக்குப் போயிருப்பான்.

அப்போதுதான் ஹனா கூப்பிட்டாள். சின்ன வயதில் என்னோடு பயிற்சி மையத்தில் இருந்தவள். அவளுக்குக் கால் வராது, வாய் நன்றாக வரும். கெப்பாலா பத்தாஸில் எங்களைப் போன்ற பெண்கள் சேர்ந்து வாழ்கிற ஒரு வீட்டில் இருந்தாள். செடி, விதை விற்கிற ஆன்லைன் கடை ஒன்று நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஓர் அறை. ஓர் அறை காலியாகிறது, வருகிறாயா என்று அருணனின் போனில் என்னைக் கேட்டாள். "ஒன்னோட கம்ப்யூட்டருக்கு மேசை நான் ஏற்பாடு பண்றேன். வாடிக்கையாளரைத் திட்டாம இருந்தா போதும்."

எனக்கு அந்த அறை வேண்டும் என்று தோன்றிய வேகம் எனக்கே பயமாக இருந்தது. நானே சாத்திக்கொள்கிற ஒரு கதவு. என் வாழ்நாளில் எனக்குக் கதவைச் சாத்தியவர்கள் எல்லாம் வேறு ஆட்கள்.

அந்த வீட்டை நடத்துகிற சலேஹா அம்மையாருக்கு, மலாயில் புவான் சலேஹாவுக்கு, ஒரே ஒரு விதி. வர விரும்புகிறவள் தன் வாயால், தன் வார்த்தையில், வர விரும்புகிறேன் என்று நேரில் சொல்ல வேண்டும். குடும்பத்தார் அவளுக்காகப் பேசக் கூடாது. பாரம் கழிந்தால் போதும் என்று பெண்களைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து அவர் வைத்த விதி. ஹனா சொன்னபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அருணன் வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் நான் என் பேச்சை எழுதினேன், மலாயில், எழுத்தெழுத்தாக. ஒரு வரியை எழுதி, அழித்து, திருத்தி எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். முழுவதையும் பஸ் படம் போட்ட பொத்தானில் வைத்தேன். அது ஓரத்தில் இருக்கிறது, எவ்வளவு பதற்றத்திலும் என் விரல் தவறாமல் விழுகிற இடம். முன்பு அதில் ஆஸ்பத்திரிக்கான வாக்கியம் இருந்தது. அதை அழித்துவிட்டு இதை எழுதினேன். என் பெயர் மிதுஷா. எனக்கு வேலை செய்ய வேண்டும். சண்டை போட நாலு பேர் வேண்டும். என் கதவை நான் சாத்த வேண்டும். என் அண்ணன் நல்லவர், அவரிடமிருந்து தப்பிக்க வரவில்லை. வர விரும்புகிறேன், அதனால் வந்திருக்கிறேன்.

ஒருநாள் அருணன் சீக்கிரம் வந்துவிட்டான். திரையில் அது இருந்தது. நின்றபடியே படித்தான். "நல்லாருக்கு," என்றான். பிறகு சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினான்.

இன்டர்வியூவுக்குப் போன அன்று பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்தது. கெப்பாலா பத்தாஸில் அந்த வீடு பச்சை கேட் போட்ட ஒற்றை மாடி வீடு, வாசல் முழுக்கச் செடித் தொட்டிகள். ஹனா அன்று கிளினிக்குக்குப் போயிருந்தாள். புவான் சலேஹா பெரிய கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. என் கண்ணைப் பார்த்துப் பேசினார், கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல. அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மத்தியானம் இன்னொரு பெண் வருகிறாள், மாலைக்குள் முடிவு சொல்லிவிடுவேன் என்றார்.

அருணன் மேசைக்கடியில் புகுந்து ஒயர்களை மாட்டினான். வேர்த்துக் கொட்டியது. எனக்கு எப்போதுமே கையும் ஓடாது காலும் ஓடாது, அன்று அவனுக்கும் அப்படித்தான். திரை வந்தது. நான் வணக்கம் சொல்ல ஒரு பொத்தானை அழுத்தினேன். வெள்ளைக்காரி விக்கினாள். ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு கர்ரென்று இழுத்தாள். சலேஹா மெல்லச் சிரித்தார். அருணனுக்கு முகம் சிவந்தது. அவன் கை கீபோர்டின் மேல் வரிசைக்குப் போய் ஒரு கட்டையைத் தட்டியது. திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

"ஓகே, கிளியர்," என்றான்.

நான் அந்தச் சிமிட்டலைப் பார்த்தேன். பதற்றத்தில் அது மண்டைக்குள் ஏறவில்லை. அதற்குள் சலேஹா தன் நாற்காலியை என் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இங்கே வந்து இருக்க உனக்கு விருப்பமா என்று மலாயில் கேட்டுவிட்டார். நான் பஸ் படத்தை அழுத்தினேன்.

"சாயா நாக் பாலேக் ரூமா," என்றது என் குரல். நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட வருகிற நர்ஸிடம் நான் சொல்கிற, அழித்துவிட்ட அந்தப் பழைய வாக்கியம். தவறி வேறு எதையோ அழுத்திவிட்டேன் என்று மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாவது தடவையும் அதுவேதான். அதற்குள் என் உடம்பு முறுக்கிக்கொண்டது. கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, கை தட்டின்மேல் படபடவென்று அடித்தது. அடித்த இடத்தில் அதே பொத்தான். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று வெள்ளைக்காரி கதறினாள்.

நான் அருணனைப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. பேயறைந்த மாதிரி நின்றான். எந்தக் கட்டையைத் தட்டினான், எந்த நாளைக் கொண்டுவந்துவிட்டான், எல்லாம் அவன் முகத்தில் இருந்தது. சொல்லு, என்று கண்ணால் கெஞ்சினேன். புவான், இது பழைய பதிவு, தப்பு என்னுது என்று ஒரு வார்த்தை. நான் எழுத்துகளைத் தேடி, 'இல்லை' என்பதற்கான முதல் எழுத்தை அழுத்தினேன். சலேஹா என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். போதும் மகளே, உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு அருணனைப் பார்த்து, இவள் எப்போதும் இதைச் சொல்வாளா என்று கேட்டார்.

அருணன் என்னிடமிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான்.

"தியா மேமாங் செலாலு சாக்காப் மாச்சாம் து, புவான்," என்றான். ஆமாம், இவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள்.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். என் வாய் காரின் பின்பக்கப் பெட்டியில், ஒயர்களோடு கிடந்தது. "வோல்ட்டேஜ் சரியில்லலா அங்க... பழக்கத்துல கை போயிருச்சு மிது... அவங்க கேட்டப்ப எனக்கு ஒண்ணும் ஓடல... அடுத்த வருஷம் பாத்துக்கலாம், வேற எடம்கூட இருக்கும்..." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள முயன்றேன். கழுத்து அதற்கும் ஒத்துழைக்கவில்லை. அவன் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு பாலம் முழுவதையும் கடந்தேன்.

வீட்டில் என்னைக் கட்டிலில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் பிறகு ஏற்றுகிறேன் என்றான். சோறு கொண்டுவந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனை உதட்டில் வைத்தான், பல்லைக் கடித்துக்கொண்டேன். பால் கொண்டுவந்தான், அதற்கும் அதேதான். கடைசியில் கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனான். பெட்டியை மாடிக்குக் கொண்டுவந்து மாட்டி, என்னை மேசைமுன் உட்கார வைக்கிறவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுதினேன். அவன் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல?" என்றது குரல்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுறது?" என்றான். "அம்மா இல்ல. ஃபேக்டரில ஒருத்தன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான். அவனுங்க எல்லாம் ஸ்க்ரீனுக்குள்ளதானே இருக்கானுங்க. சத்தியமா வேணும்னு லோட் அடிக்கல மிது. ஆனா அது பேசினப்ப... ஒரு செகண்ட் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

எனக்குப் பரிதாபமாக இருந்தது, மறைக்க மாட்டேன். இவ்வளவு பேசுகிறவனுக்குப் பேச ஆள் இல்லை என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. மாலைக்குள் முடிவு என்று சலேஹா சொல்லியிருந்தார். நான் மலாயில் இரண்டு வரி எழுதினேன். நான் மிதுஷா. காலையில் சொன்னது பழைய பதிவு, நான் வர விரும்புகிறேன். எழுதி முடித்துவிட்டு, தமிழில், "போன் போடு. நடந்தத நீயும் சொல்லு," என்றேன்.

அருணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டான். ஸ்பீக்கரில் வைத்து, போனை என் கம்ப்யூட்டரின் பக்கத்தில் பிடித்தான். சலேஹாவின் குரல் வந்ததும் நான் அழுத்தினேன். வெள்ளைக்காரி ஒரு விக்கலும் இல்லாமல், இரண்டு வரியையும் அழகாகச் சொன்னாள். அவ்வளவு தெளிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

சலேஹா, மலாய் மரியாதையோடு, என்சிக் அருணன் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இருக்கேன் புவான். என் தப்பு," என்று அருணன் ஆரம்பித்தான். மலாயும் ஆங்கிலமுமாகக் கொட்டினான். லோட், பழைய மெமரி, முதல் நாள் ஸ்டேட், எமுலேட்டர் என்று எல்லாவற்றையும் சொன்னான். காலையில் சொல்லாமல் விட்டதை முழுவதும் சொன்னான், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. என் அண்ணனை அந்த நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது.

சலேஹா முழுவதையும் கேட்டார். பிறகு பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலப் பதில் சொன்னார். இந்த வேலையில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். மெஷின் கெட்டுப்போச்சு, அவள் அப்படிச் சொல்லவில்லை, உண்மையில் வரத்தான் ஆசை என்று சொல்லாத குடும்பமே இல்லை. காலையில் அவள் என் கண் முன்னால் உடம்பெல்லாம் நடுங்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதாள். நீங்களும் அப்போது, எப்போதும் இப்படித்தான் சொல்வாள் என்றீர்கள். இப்போது உங்கள் போனில், நீங்கள் எழுதிய மெஷின் வேறு சொல்கிறது. நான் யாரை நம்புவது? அறையை அந்த இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். பாரமாக இருந்தால் உதவி கேளுங்கள், தப்பில்லை. ஆனால் தங்கையை இப்படித் தள்ளிவிடப் பார்க்காதீர்கள்.

"இல்ல புவான், நான்தான் அவள விட மாட்டேன்னு..." என்று அருணன் குரல் உடைந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சலேஹா போனை வைத்துவிட்டார்.

அருணன் போனைப் பிடித்தபடியே நின்றான். உலகத்திலேயே என்னைப் போகவிடாமல் பிடித்து வைத்த ஒரே ஆள், தங்கையைத் தள்ளிவிடப் பார்த்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறான். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்து ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பு. என் சிரிப்புக்கு மெஷின் வேண்டாம், தொண்டையே போதும். ஆனால் அது வெளியே வரும்போது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, உடம்பு முறுக்கிக்கொண்டது.

"அழாத மிது, அழாத," என்று அருணன் ஓடிவந்தான். துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். என் கை தட்டுக்கு எட்டவில்லை.